வழிமொழிபவர்

பிறையில், டயர் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் கிளை.
படியேறினால் ரப்பர் வாடை.
காற்றாடி மூன்று; சுற்றுவது இரண்டு.

கூட்டப் பொருளில் ஐந்தாவது வரி:
வேட்பாளர் பரிந்துரை.
பதினைந்து வருஷமாக ஒரே நிமிஷத்தில் முடிகிற வரி.
ஞானப்பிரகாசம் என்போம்,
கைதட்டுவோம்,
மீகூன் ஆறுவதற்குள் சாப்பிடப் போவோம்.

இன்று தமயந்தி எழுந்துவிட்டாள்.
"நம்ம ஆளையே எதிர்ப்பதா என்று கேட்பீர்கள்.
நம்ம ஆள் என்பதால்தான் கேட்கிறேன்.
எதிரியிடம் எனக்கென்ன கணக்கு?"

மூன்று வருஷத்தில் சட்டமன்றத்தில்
அவர் பேசியது நாற்பது நிமிஷம்;
அதில் பதினொன்று நன்றி சொன்னது
என்றாள்.
யாரோ சிரித்தார்கள்.
ஞானப்பிரகாசமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"வீட்டுச் சண்டையை வீதிக்கு இழுத்தால்
எதிர்த்தரப்பு தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஜெயிக்கும்"
என்றார் சவரிராஜு.
அதுவும் உண்மைதான்.
எதற்கும் தலையாட்டிப் பழகிய தலை எனக்கு;
நான் செயலாளர்.

மிதவாதி என்றால் மிதக்கிறவர் என்று
சின்ன வயதில் நினைத்திருந்தேன்.
மழைக்கு முழங்கால் நனைகிற தாமானில்
அது ஒன்றும் குறையாகத் தோன்றவில்லை.

என் மகள் கனிமலருக்குப்
பதினேழு வயதுவரை அடையாள அட்டை இல்லை.
அவள் அம்மா மேடானில் பிறந்தவள்.
தாலி கோயிலில் கட்டினேன்;
பதிவுக்குப் போனபோது பிள்ளைக்குப் பல் முளைத்திருந்தது.
ஞானப்பிரகாசம் என்னோடு புத்ராஜெயாவுக்கு வந்தார்,
ஒன்பது முறை.
ஒவ்வொரு முறையும் அதே அதிகாரி.
அவருடைய அம்மாவின் முட்டிவலி எப்படி என்று
மலாயில் பொறுமையாக விசாரித்துவிட்டுத்தான்
கோப்பைத் திறப்பார்.
ஒன்பதாவது முறை காகிதம் வந்தது.
அன்று காரில் நான் அழுததை
அவர் யாரிடமும் சொன்னதில்லை.

தமயந்தியின் பையில் இன்னும்
அறுபத்து மூன்று பிள்ளைகள்.
பெயர், வயது, பள்ளி வாசலில் திருப்பி அனுப்பிய தேதி.
அறுபத்து மூன்றை
குறிப்பேட்டின் ஓரத்தில் ஒன்பதால் பெருக்கிப் பார்த்தேன்.
விடை வந்தது.
அத்தனை முட்டிவலி விசாரிக்க
யாருக்கு ஆயுள் இருக்கிறது?

ஆனால் அவள் கத்துவாள்.
கதவைத் தட்டமாட்டாள், அடிப்பாள்.
அடித்த கதவு திறக்கலாம்,
உள்ளிருந்து தாழ்ப்பாளும் விழலாம்.
அப்படி விழுந்தால்
அறுபத்து நாலாவது பிள்ளையின் அப்பனிடம்
நான் என்ன சொல்வது?

"முன்மொழிந்தாயிற்று. வழிமொழிபவர்?"
கீழே காற்றடிக்கும் மெஷின்
டுப் டுப் என்று நின்றது.
நாற்காலிகளில் எல்லாரும்
செருப்பைத் தேடுகிறவர்கள்போல் குனிந்திருந்தார்கள்.
நான் பேனாவை மூடினேன்.
"நான்" என்றேன்.

ஞானப்பிரகாசம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.
ஒன்பது பத்து.
பிறகு செல்லாது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது."

என் பெயரை என் கையாலேயே எழுதினேன்.

மீகூன் ஆறிப்போயிருந்தது.
தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.
"கனிமலர் பாலிடெக்னிக்கில் எப்படி?"
அது பிரியமா, வாக்கு சேகரிப்பா?
பதினைந்து வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.
அவருக்கே பிடிபட்டதோ என்னவோ.
"நல்லா படிக்குது, ஒய்பி" என்றேன்.
சம்பல் கண்ணைக் கரித்தது.

வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறு.
வழிமொழிந்தவன் அப்படியே வாக்களிக்க வேண்டும் என்று
கட்சி விதியில் இல்லை.
வீட்டுக்குப் போய் இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அதற்கு முன்னால், கூட்டம் கலைந்தபோது, மழை.
வாய்க்கால் ரோட்டுக்கு ஏறியிருந்தது.
தூரத்தில் பாலத்து விளக்குகள்;
தீவில் மழை இல்லை போலும்.
தமயந்தி காலணியோடே இறங்கி விறுவிறுவென்று போய்விட்டாள்.
அவர் காற்சட்டையை மடித்து,
சப்பாத்தைக் கையில் பிடித்து,
அடி அளந்து நடந்தார்.
"செயலாளரே, அங்கே பள்ளம்.
என் பின்னாலேயே வாங்க."

பின்னாலேயே போனேன்.
முழங்கால்வரை தண்ணீர்.
அவருக்கும்தான்.